பாத்தேன், பாத்தாச்சு

1

அக்கா என்னிடம் கேட்டது நான்கே வரி.

அவளுடைய லாரிப் பட்டறை வாசலில் ஒட்டுவதற்கு ஓர் அறிவிப்பு. பெரிய ஜாக்கி இரண்டு, சங்கிலிக் கப்பி, கிரீஸ் துப்பாக்கி, நட்டு கழற்றும் சாவிகள் நிறைந்த இரும்புப் பெட்டி, எல்லாம் விற்பனைக்கு. "நீ எழுதினாத்தான்டி பிழை இருக்காது" என்றாள் போனில். நாலு மணிக்கு வந்து வாங்கிக்கொள்வாளாம். இப்போது மணி ஒன்றேகால். நான்கு வரி எழுத உட்கார்ந்தவள் இந்தக் கதையை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது அக்காவின் கணவர் ஓட்டும் லாரியிலிருந்து வந்தது. [இல்லை. ஒரு வினைச்சொல்லிலிருந்து வந்தது. அந்த இடத்துக்குப் போக எனக்கு இன்னும் கொஞ்சம் தைரியம் வேண்டும். இப்போதைக்கு லாரி.]

அந்த லாரி ஓடியிருப்பது எட்டு லட்சத்து நாற்பதாயிரம் கிலோமீட்டர். பின்னால் மூன்று அச்சு வைத்த தாழ்வான டிரெய்லர். அதன் மேல் புல்டோசரை ஏற்றி மாமா ஊர் ஊராக இழுத்துக்கொண்டு போவார். ஓட்டுவது மாமா, வண்டியைப் பராமரிப்பது அக்கா. போன மாதம் ஒரு மலைச்சரிவில் டிரெய்லரின் சக்கரம் தீப்பிடித்தது. அன்றிலிருந்து அக்கா எந்த வண்டியையும் தொடுவதில்லை. தப்பு தன் கையால் நடந்தது என்று நம்புகிறாள். அவள் கையால் நடக்கவில்லை. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

நாலு மணிக்கு அவளிடம் அறிவிப்பைக் கொடுப்பதா, இதைக் கொடுப்பதா என்று தெரியாமல்தான் எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம் இப்படி வந்தது:

"சரிவில் பாதி இறங்கியபோது பக்கக் கண்ணாடியில் புகை தெரிந்தது. அவர் காலை மெதுவாக —"

அடித்துவிட்டேன். தீயை முதலில் வைத்தால் நீங்கள் கடைசிவரை தீயைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

இரண்டாவது தொடக்கம்:

"என்ஜின் எண்ணெயை விரலில் தொட்டே வண்டியின் உடல்நிலையைச் சொல்லிவிடும் ஒரு பெண் இருந்தாள்."

இதுவும் தேறாது. கதைப் புத்தக வாடை அடிக்கிறது. அக்கா படித்தால் சிரிப்பாள். "தொட்டா கை கறுப்பாகும், அவ்வளவுதான்டி. நறநறன்னு இருந்தா மட்டும் பயப்படணும்" என்பாள்.

ஆகவே அவள் என்ன செய்வாளோ அதை அப்படியே சொல்கிறேன். வண்டி செய்த கம்பெனியின் புத்தகத்தில் இருபதாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் மாற்று என்று போட்டிருந்தால், அக்கா பன்னிரண்டாயிரத்தில் மாற்றிவிடுவாள். "அந்தப் புத்தகம் எழுதுனவன் முதுகுல புல்டோசரை ஏத்திப் பாத்திருக்கானா?" என்று கேட்பாள். காற்றுத் தொட்டிகளில் சேர்கிற தண்ணீரைத் தினமும் காலையில் இறக்க வேண்டும். இல்லாவிட்டால் பிரேக்குக்குப் போகிற குழாயில் துரு ஏறும். டீசல் ஃபில்டரின் அடியில் நிற்கும் தண்ணீரையும் அப்படியே. ரேடியேட்டரின் ரப்பர் ஹோஸை என்ஜின் ஆறிக் கிடக்கும்போது அமுக்கிப் பார்ப்பாள். பிசுபிசுவென்று தளர்ந்திருந்தால், இன்னும் ஒழுகவில்லையே என்று யார் சொன்னாலும் கேட்காமல் கழற்றி எறிவாள். எல்லாவற்றுக்கும் ஒரே நியாயம்தான் வைத்திருந்தாள். வண்டி சாலையில் நின்ற பிறகு செய்தால் அதற்குப் பெயர் வேலை இல்லை, வைத்தியம்.

[மணி ஒன்று ஐம்பது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். தாகமெல்லாம் இல்லை.]

3

இந்தக் கதையில் ஒரு நோட்டு இருக்கிறது. அதை ஒழுங்காக அறிமுகப்படுத்தாவிட்டால் பின்னால் வருவது எதுவும் புரியாது.

ஒன்பது வருடமாக அக்கா எழுதி வந்த நோட்டு. வண்டி பட்டறைக்கு வரும்போதெல்லாம் தேதி, கிலோமீட்டர், எந்தெந்த உறுப்பு என்று வரிசையாக எழுதுவாள். ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரே ஒரு சொல். 'பாத்தேன்' அல்லது 'பாத்தாச்சு'. பேசுகிற மாதிரியே எழுதுவாள், 'ர்' இருக்காது.

'பாத்தாச்சு' என்றால் கழற்றி, துடைத்து, தேய்ந்ததை மாற்றி, கிரீஸ் வைத்து, திரும்ப மாட்டியாகிவிட்டது. அதைப் பற்றி இனிக் கவலை இல்லை. 'பாத்தேன்' என்றால் கண்ணால் பார்த்தேன், கையால் ஆட்டியும் பார்த்தேன், ஆனால் உள்ளே திறக்கவில்லை. அதன் மேல் ஒரு கண் இருக்கட்டும், அடுத்த முறை கழற்ற வேண்டும்.

இந்த வித்தியாசத்தை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. புருஷன் பெண்டாட்டிக்குள் அதுவாக உண்டானது. கிளம்புவதற்கு முன் மாமா நோட்டைப் புரட்டி 'பாத்தேன்'களை மட்டும் மனதில் ஏற்றிக்கொள்வார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கி டிரெய்லருக்கு அடியில் நுழைந்து, 'பாத்தேன்' என்று எழுதியிருக்கிற சக்கரத்தின் நடுவே, ஹப் இருக்கும் இடத்தில், புறங்கையை வைப்பார். கை பொறுக்கும் சூடா, பொறுக்காத சூடா. பொறுக்காவிட்டால் அங்கிருந்து நகரமாட்டார். 'பாத்தாச்சு' போட்ட சக்கரத்தின் பக்கம் திரும்பியும் பார்க்கமாட்டார்.

"உங்க அக்கா பாத்தாச்சுன்னு எழுதிட்டா அப்புறம் நான் பாக்கறது அவளுக்கு மரியாதை இல்ல, கால்புள்ளி" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார்.

கால்புள்ளி என்பது நான்தான். அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துவது என் தொழில். அடுத்தவர் எழுதியதில் பிழை பார்ப்பது, விட்டுப்போன புள்ளி வைப்பது, ஒரே பக்கத்தில் ஒரே சொல் இரண்டு விதமாக இருந்தால் ஒரே விதமாக்குவது. பதினாறு வருடமாக இதைத்தான் செய்கிறேன். பேருந்துப் பலகையைக்கூட என்னால் சும்மா படிக்க முடியாது.

4

இப்போது தீயைச் சொல்லிவிடுகிறேன்.

பகல் பதினோரு மணி இருக்கும். புல்டோசரோடு நீளமான சரிவில் மாமா இறங்கிக்கொண்டிருந்தார். ஏதோ கருகுகிற வாசனை. பிரேக்கோ என்று நினைத்து, கியரிலேயே வண்டியைப் பிடித்து இறக்கினார். கண்ணாடியில் பார்த்தால் டிரெய்லரின் மூன்றாவது அச்சில் இடது பக்கம் புகை. ஓரமாக அகலம் கிடைத்த இடத்தில் நிறுத்தி இறங்கி ஓடினார். ஹப்புக்குள் இருக்கிற பேரிங் சிதைந்து, சூடு ஏறி, டயரில் தீ பற்றியிருந்தது. தீயணைக்கும் உருளை இரண்டும் காலியாகிவிட்டன. அப்புறம் ஓரத்து மண்ணை அள்ளி அள்ளிப் போட்டிருக்கிறார். அந்த அவசரத்தில் இடது கையை எங்கே வைத்தார் என்று அவருக்கே தெரியவில்லை. உள்ளங்கைத் தோல் கழன்றுவிட்டது.

தீ அணைந்த பிறகு, வலது கையால் நோட்டை எடுத்துப் பார்த்தாராம். மூன்றாவது அச்சு, இடது ஹப். எதிரில் தெளிவான எழுத்தில் இருந்தது: பார்த்தாச்சு.

வீட்டுக்கு வந்தவர் அக்காவைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவள் பதிலுக்குக் கத்தி, இரண்டு பாத்திரத்தை உருட்டி, அழுது, அன்றைக்கே எழுந்திருப்பாள். அவர் "விடு, யாருக்கும் வரும்" என்றார். அடுத்த வாரம் வண்டியை வேறொரு பட்டறைக்கு ஓட்டிப் போனார்.

அக்கா அப்போது, வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்கத் தோண்டிய தன் பட்டறைக் குழிக்குள் சும்மா நின்றுகொண்டிருந்தாள். வாசலைத் தாண்டும் வண்டிகளின் சக்கரங்கள் மட்டும்தான் அங்கிருந்து தெரியும். சக்கரங்கள் உருளும் சத்தத்திலேயே எது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. வேகம் குறையும் என்று காத்திருந்தாள். குறையவில்லை. கையிலிருந்த துணியை மடித்துக் குழியின் விளிம்பில் வைத்தாள். பிறகு அதை எடுத்து மறுபடி மடித்தாள்.

[இந்த மடிப்பை நான் பார்க்கவில்லை. கற்பனை. ஆனால் அன்று சாயங்காலம் நான் போனபோது துணி மடித்துத்தான் இருந்தது. அந்தப் பட்டறையில் அழுக்குத் துணியை யாரும் மடித்து வைத்து நான் கண்டதே இல்லை.]

அதற்குப் பிறகு நடப்பதையெல்லாம் கண்ணாலேயே பார்க்கிறேன். அடுப்பை அணைத்தோமா என்று நான்கு முறை போய்ப் பார்க்கிறாள். கதவைப் பூட்டிவிட்டு வந்து திரும்பப் போய் இழுத்துப் பார்க்கிறாள். போன வாரம் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"நான் அந்த ஹப்பை ஆட்டிப் பாத்தேன்டி. லேசா ஆட்டம் இருந்திச்சு. அது எனக்கு ஞாபகம் இருக்கு. கழட்டின மாதிரி ஞாபகமே இல்ல. ஆனா நோட்டுல பாத்தாச்சுன்னு இருக்கு. அப்போ கழட்டாமலே கழட்டினேன்னு எழுதியிருக்கேன். நடுவுல ஒரு தடவ வண்டி வந்துச்சே, அப்பவும் நானே அதைப் படிச்சுட்டு நானே விட்டிருக்கேன். என் புத்திக்கு என்ன ஆச்சு?"

5

இந்த இடத்தில் உங்களில் சிலருக்குக் குட்டு விளங்கியிருக்கும். விளங்காதவர்களுக்காக இன்னும் கொஞ்சம் சுற்றி வளைக்கிறேன். எனக்காகவும்தான்.

போன வாரங்களில் எழுதிப் பார்த்த இந்தக் கதையின் மூன்று வரைவுகள் குப்பைக் கூடையில் கிடக்கின்றன. முதல் வரைவில் பழியை மாமா தலையில் கட்டினேன். எழுதியிருந்தால் என்ன, எல்லாச் சக்கரத்தையும் தொட்டுப் பார்த்திருக்க வேண்டாமா என்று. எழுதிக்கொண்டிருக்கும்போதே அவருடைய கட்டுப் போட்ட கை நினைவுக்கு வந்து நிறுத்திவிட்டேன். இரண்டாவது வரைவில் பழி மழைக்குப் போயிற்று. பழைய நோட்டு நனைந்துவிட்டது, எழுத்து கலைந்துவிட்டது, யாரும் பொறுப்பில்லை. அழகான வரைவு. நல்ல பூசி மெழுகல்.

மூன்றாவது வரைவில் தங்கை என்கிற பாத்திரத்தையே எடுத்துவிட்டேன். 'இவள் எதற்கு? லாரிக் கதையில் மெய்ப்புத் திருத்துபவளுக்கு என்ன வேலை?' என்று ஓரத்தில் எனக்கு நானே குறிப்பும் எழுதிக்கொண்டேன். எடுத்த பிறகு கதை வெண்ணெயாக ஓடியது. ஒரு மனைவி, ஒரு கணவன், ஒரு தப்பு. எங்கேயும் தட்டவில்லை. அப்படி ஓடியதால்தான் அதையும் கூடையில் போட்டேன். நான் இல்லாமலே கதை நிற்கும் என்றால், அந்தத் தப்பை அக்கா ஆயுசுக்கும் சுமப்பாள்.

[மணி இரண்டு நாற்பது. அறிவிப்பின் முதல் வரியை எழுதிப் பார்த்தேன்: 'நல்ல நிலையில் உள்ள'. நல்ல நிலையில்தான் எல்லாம் இருக்கின்றன. அடித்துவிட்டேன்.]

6

மூன்று மாதத்துக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பழைய நோட்டு எண்ணெய் குடித்து, மழையில் நனைந்து, தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கியிருந்தன. அக்கா கெட்டி அட்டை போட்ட புது நோட்டு ஒன்றை வாங்கி வந்து என்னிடம் கொடுத்தாள். "கடைசி ரெண்டு மாசத்தை மட்டும் இதுல அழகா எழுதிக் குடுடி. உன் கையெழுத்து முத்து முத்தா இருக்கும், அவருக்கும் படிக்கச் சுலபம்."

எழுதினேன். முதல் பக்கத்திலேயே 'ர்' போடத் தொடங்கிவிட்டேன். பாத்தாச்சு என்பதையெல்லாம் பார்த்தாச்சு ஆக்கினேன். யாரும் கேட்கவில்லை. தொழில் வியாதி.

டிரெய்லரின் ஆறு ஹப்புகள் வரிசையாக வந்தன. முதல் அச்சு வலது, பார்த்தாச்சு. முதல் அச்சு இடது, பார்த்தாச்சு. இரண்டாவது அச்சு வலது, பார்த்தாச்சு. இடது, பார்த்தாச்சு. மூன்றாவது அச்சு வலது, பார்த்தாச்சு. மூன்றாவது அச்சு இடது

கை பழக்கதோஷத்தில் எழுதிவிட்டது என்று சொல்லலாம். சொன்னால் நீங்கள் நம்புவீர்கள். அக்காவும் நம்புவாள். இந்த ஒரு மாதமாக எனக்கு நானே அப்படித்தான் சப்பைக்கட்டு கட்டிக்கொண்டிருந்தேன்.

நடந்தது அதுவல்ல. அந்த இடத்தில் பேனாவை நிறுத்தினேன். பழைய நோட்டில் 'பாத்தேன்' என்று இருந்ததைப் பார்த்தேன். ஐந்து வரி ஒரு மாதிரி, ஆறாவது வேறு மாதிரி. கண்ணை உறுத்தியது. அக்காவுக்கு மொழி ஒழுங்கு போதாது, பாவம், என்று நினைத்தேன். ஒரே சீராக இருக்கட்டும் என்று பார்த்தாச்சு போட்டேன். போட்ட பிறகு பக்கத்தைத் தள்ளி வைத்துப் பார்த்தேன். அழகாக இருந்தது. எனக்குத் திருப்தியாகவும் இருந்தது.

அதுதான் நடந்தது.

7

அடிக்குறிப்பு மாதிரி ஒன்று. இதை மேலே சேர்க்க இடம் இருந்தது, மனம் வரவில்லை.

தீ பற்றிய மூன்றாம் நாள் அக்கா கேட்டாள், "அந்தப் பழைய நோட்டு உங்கிட்டதானே இருக்கு? ஒருதரம் பாக்கணும்."

"பழைய பேப்பர்காரருக்குப் போட்டுட்டேனேக்கா" என்றேன். வாய் கூசவில்லை.

"சரி, போகட்டும். இருந்தாலும் அதுலயும் அதேதான் இருக்கும். அச்சுல வர்ற ஒரு எழுத்தைக்கூட நீ விடமாட்டே. நீயா மாத்தி எழுதப்போறே?"

நோட்டு இந்த மேஜையின் இழுப்பறையில் இருக்கிறது. கொஞ்சம் எண்ணெய் வாடை மேலே வரைக்கும் வருகிறது.

8

மாற்று முடிவுகள். மணி மூன்று இருபத்தைந்து, வேகமாகச் சொல்கிறேன்.

(அ) நான்கு வரியைக் கொடுக்கிறேன். அக்கா வாசலில் ஒட்டுகிறாள். யாரோ வந்து ஜாக்கியை எடுத்துப் போகிறார்கள். மாமா வேறு பட்டறையில் வண்டியை விட்டுவிட்டு, அந்தப் பட்டறைக்காரர் எழுதுகிற எதையும் நம்பாமல், புண் ஆறாத கையோடு ஆறு சக்கரத்துக்கு அடியிலும் நுழைந்து எழுகிறார். வீட்டில் எல்லோரும் ஒருவருக்கொருவர் ரொம்ப நல்லவர்களாக இருக்கிறார்கள். இந்த முடிவை எழுதத் தொடங்கியபோதே எனக்கு மூச்சு முட்டியது.

(ஆ) நான் வெளியே போயிருக்கும்போது அக்கா இழுப்பறையைத் தானே திறக்கிறாள். கதைக்கு இது வசதி. எழுதுகிறவள் வாயைத் திறக்க வேண்டாம். எத்தனையோ பேர் கையெழுத்துப் படியில் இந்த மாதிரி இழுப்பறைகள் தாமாகத் திறந்துகொள்வதைப் பார்த்திருக்கிறேன். அங்கெல்லாம் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு அனுப்புவேன். எனக்கும் போட்டுக்கொள்கிறேன்.

(இ) நான் எல்லாவற்றையும் சொல்கிறேன், அவள் என்னைக் கட்டிக்கொண்டு —

இல்லை. என்னை மன்னிக்கிற வசனத்தை அவள் வாயில் நானே எழுதுவது அயோக்கியத்தனம். ஒருமுறை அவள் சொல்லை நான் மாற்றியது போதும்.

பயமாக இருக்கிறது என்று ஒரு வரி எழுதிவிடுகிறேன். அவள் என்னோடு பேசாமல் போய்விடுவாளோ என்று பயமாக இருக்கிறது. எனக்கு இருப்பது ஒரே அக்கா.

9

நாலு மணி அடிக்க ஐந்து நிமிடம். வாசலில் செருப்புச் சத்தம். மேஜையில் இரண்டு இருந்தன. ஒன்று நீங்கள் இதுவரை படித்தது. இன்னொன்று வெறும் தாள், அதில் ஓர் அடித்த வரி.

(இனி வருவதை அவள் போன பிறகு எழுதினேன். அவளை உட்காரவைத்துக்கொண்டு எழுத முடியாதே.)

அக்கா உள்ளே வந்தாள். கதவைச் சாத்தினாள், திரும்பிப் போய் இழுத்துப் பார்த்தாள். நகத்தடியில் கறுப்பு இல்லை. அவள் கையை அவ்வளவு சுத்தமாக நான் பார்த்ததில்லை, பார்க்கவே பிடிக்கவில்லை.

"என்னடி, முகமெல்லாம் வெளிறிக் கிடக்கு. சாப்பிட்டியா?"

"ம்."

"எழுதியாச்சா?"

என்ன சொல்வதென்று மத்தியானம் முழுக்க யோசித்திருந்தேன். அதில் ஒன்றும் வரவில்லை. வாயில் வந்தது ஒரு சொல்தான்.

"எழுதினேன்க்கா."

நாற்காலியை இழுத்தவள் இழுத்தபடி நின்றாள். என்னைப் பார்த்தாள். பட்டறையில் என்ஜினை ஓடவிட்டு, எந்த மூலையிலிருந்து சத்தம் வருகிறது என்று தலையைச் சாய்த்துக் கேட்பாளே, அதே மாதிரி. போன மாதத்துக்குப் பிறகு அந்த முகத்தை நான் பார்க்கவில்லை.

"அப்போ இன்னும் கழட்டிப் பாக்கணுமா?" என்றாள்.

தலையை ஆட்டினேன். குனிந்து இழுத்தேன். இழுப்பறை பாதியில் சிக்கிக்கொண்டது. அக்கா வந்து அடியில் ஒரு கையைக் கொடுத்து லேசாகத் தூக்கினாள், திறந்துகொண்டது. எண்ணெய் வாடை அறைக்குள் வந்தது. நோட்டைப் பார்த்ததும் அவளுக்கு எது எந்தப் பக்கத்தில் என்று தெரிந்துவிட்டது. ஒட்டியிருந்த தாள்களைக் கிழியாமல் ஒவ்வொன்றாகப் பிரித்தாள். ஆறாவது வரியில் விரலை வைத்தாள்.

அங்கே அவள் கையெழுத்தில் இருந்தது: பாத்தேன். பிறகு வாயைத் திறந்தாள்.

என்ன சொன்னாள் என்பது எனக்குத் தெரியும், எழுதமாட்டேன். அதை நீங்கள்தான் எழுத வேண்டும். அவளுக்குக் கோபம் வரலாம், அழுகை வரலாம், நோட்டை எடுத்துக்கொண்டு நேரே மாமாவிடம் ஓடலாம். எது வந்தாலும் சரி. ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அவள் பேசுகிற மாதிரியே எழுதுங்கள். 'ர்' போட வேண்டாம்.